பிரையன் மேயின் கித்தார் தொனி

பிரையன் மேயின் கித்தார் தொனி என்பது, குயின் என்ற பிரித்தானிய ராக் இசைக்குழுவின் கலைஞரான பிரையன் மே வாசிக்கும் மின்கித்தாரின் தனித்த ஒலிப்பண்பைக் குறிக்கும். 1975 இல் வெளிவந்த "போகிமியன் ராப்சடி" பாடலில் இடம்பெறும் தனி வாசிப்பு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இப்பாடலை இயற்றிய பிரெடி மெர்க்குரி, இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தின் பாஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பயின்றவர்.

கருவிகள்

மே, தம் தந்தையுடன் சேர்ந்து 1963 இல் செய்யத் தொடங்கிய "ரெட் ஸ்பெஷல்" கித்தாரை வாசிக்கிறார். கம்பிகளை மீட்டப் பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாகப் பழைய ஆறு பென்சு நாணயத்தைப் பயன்படுத்துகிறார். கித்தாரின் மின்குறிகை, உயர் அதிர்வெண்களை வலுவாக்கும் "டிரெபிள் பூஸ்டர்" வழியாக, வாக்ஸ் ஏசி30 என்னும் வெற்றிடக்குழல் ஆம்ப்ளிஃபயரைச் சென்றடைகிறது.

அமைப்பு

ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவு முழுமையாகத் திறக்கப்படுகிறது. அப்போது குழல்கள் குறிகையைத் திரிக்கின்றன; இத்திரிபே தொனியின் அடிப்படையாகும். கித்தாரிலுள்ள குமிழைக் குறைத்தால் ஒலி தெளிவடையும். கூட்டினால் திரிபு மிகும். எனவே ஆம்ப்ளிஃபயரைத் தாழ்வாக வைத்து, பிற அமைப்புகளை மட்டும் பின்பற்றினால் அதே தொனி கிடைப்பதில்லை.

வீட்டில் மீளுருவாக்கல்

30 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு அளவில் செவிக்குத் தீங்கு விளைவிக்கும் அளவு உரத்து ஒலிக்கும். இந்தியாவின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பிடுகின்றன. ஆகையால் தாம்பரம், குரோம்பேட்டை போன்று வீடுகள் நெருங்கிய புறநகர்களில் இருவழிகள் பொருந்தும். ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே திறன் தணிப்பியை இணைத்தல். மற்றொன்று, ஆம்ப்ளிஃபயரைப் போல ஒலிக்கும் மென்பொருளை ஹெட்போனுடன் பயன்படுத்துதல்.