விஸ்கி கிளர்ச்சி (1791–1794)

அமெரிக்கக் கூட்டரசை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாவில் மூண்ட வரி எதிர்ப்பு. விடுதலைப் போரில் மாநிலங்கள் பட்ட கடனை 1790இல் கூட்டரசே ஏற்றது. வட்டி கட்ட வழிதேடிய நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் யோசனைப்படி, 1791இல் உள்நாட்டுச் சாராயத்துக்குத் தீர்வை வந்தது. மலைகளுக்கு அப்பால் தானியத்தை மூட்டையாகச் சுமந்து விற்றால் கூலிக்கே கட்டாது. காய்ச்சி விற்றால்தான் காசு. ரொக்கம் அரிதான அங்கே விஸ்கியே பணமாகவும் புழங்கியது. தீர்வையோ ரொக்கமாகக் கேட்கப்பட்டது. பெரிய ஆலைகளுக்குக் கேலன் கணக்கில் சுமை குறைவு. கசப்புக்கு இதுவே போதும். 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவிலின் வீடு கொளுத்தப்பட்டது. அதிபர் வாஷிங்டன் சுமார் 13,000 படையினரைத் திரட்டினார், எதிர்க்க ஆளில்லை. தேசத்துரோகத் தண்டனை பெற்ற இருவரையும் அவரே மன்னித்தார். ஜெஃபர்சன் ஆட்சியில், 1802இல், தீர்வை நீக்கப்பட்டது.