பீப்பாயின் கொள்ளளவு: வீட்டு பீரும் கூட்டுழைப்பும் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழில் ‘பீப்பாய்’ என வழங்கும் சொல் போர்த்துகீசிய மொழியின் ‘பீப்பா’ என்பதிலிருந்து வந்தது. கடல்வணிகத்தோடு பொருளும் பெயரும் ஒருசேரக் கரையிறங்கியதற்கு அது ஒரு சான்று. எண்ணெய், உப்பிட்ட மீன், வெடிமருந்து, மது என எதையும் உருட்டிச் செல்லத் தக்க சரக்குக் கலனாகவே அது இங்கே அறியப்பட்டது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. தன்னுள் இருக்கும் பானத்தை அது மாற்றியது. அப்பானத்தைச் செய்வோருக்கிடையிலான உறவையும் மாற்றியது. இந்த இரண்டாவது மாற்றமே இக்குறிப்பின் பொருள்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கங்களிடையே இன்று ஒரு வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. பர்பன் விஸ்கி முதிர்ந்து வெளியேறிய ஓக் பீப்பாய் ஒன்றைப் பலர் கூடிப் பணம் போட்டு வாங்குகின்றனர். ஒரே செய்முறைப்படி அவரவர் வீட்டில் கடும் ‘ஸ்டவுட்’ என்னும் கரிய பீரைக் காய்ச்சி, குறித்த நாளில் கொண்டுவந்து அந்த ஒரே பீப்பாயில் ஊற்றுகின்றனர். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, கலந்து முதிர்ந்ததைப் பங்கிட்டு எடுத்துச் செல்கின்றனர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. ஆயினும், வீட்டுத் தொழில் ஒன்று வீட்டைவிட்டு எவ்வாறு வெளியேறியது, எந்த வடிவில் திரும்பி வந்தது என்ற வினாவுக்கு இவ்வழக்கத்தில் விடை இருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் என்னும் தானிய மதுவைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆங்கில மொழியே இதற்குச் சான்று பகரும். காய்ச்சுபவரைக் குறிக்கும் ‘புரூவர்’ என்ற சொல்லுக்கு இணையாக ‘புரூஸ்டர்’ என்றொரு பெண்பாற் சொல் இருந்தது. நூல் நூற்கும் பெண்ணைக் குறித்த ‘ஸ்பின்ஸ்டர்’ என்பதில் இருப்பதும் அதே விகுதிதான். ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும். ஆகவே சிறிதளவு காய்ச்சி, வீட்டுக்குப் போக எஞ்சியதை அண்டையாருக்கு விற்பதே நடைமுறை. பெருமுதல் அதற்குத் தேவைப்படவில்லை.

தாழ்நாடுகளிலிருந்து ஹாப்ஸ் வந்து சேர்ந்தபோது இந்நிலை மாறியது. ஹாப்ஸ் சேர்த்த பீர் நெடுநாள் கெடாது. கெடாத பொருளைப் பேரளவில் செய்யலாம், சேமிக்கலாம், தொலைவுக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரையும் கிடங்கும் கடனும் வேண்டும். இம்மூன்றும் எளிதில் கைவராத பெண்கள், 1300க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தொழிலிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் தமது ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். எந்தச் சட்டமும் அவர்களை ஒரே நாளில் வெளியேற்றவில்லை. தொழிலின் அளவு பெருகப் பெருக, அவர்கள் நிற்பதற்கான இடம் சுருங்கிப் போயிற்று.

இப்பெருக்கத்தின் உச்சம் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ‘போர்ட்டர்’ வடிவில் வெளிப்பட்டது. நகரில் சுமைதூக்குவோர் விரும்பிக் குடித்தமையால் அப்பழுப்பு பீருக்கு அவர்களது தொழிற்பெயரே அமைந்தது. ‘ஸ்டவுட்’ என்பது தொடக்கத்தில் வலிமை மிக்க பீர் எதனையும் குறித்த அடைமொழி. வலிய போர்ட்டர் ‘ஸ்டவுட் போர்ட்டர்’ எனப்பட்டது. பின்னர்ப் பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழியே பெயராக நின்றது. 1817இல் டேனியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பதைப் போன்ற உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஸ்டவுட்டுக்கு அடையாளமாகிவிட்ட கருநிறத்துக்கும் கசப்புக்கும் அது வழிவகுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்தியாவிலிருந்த ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் போர்ட்டர் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறி வந்தது.

போர்ட்டர் மரக்கலனில் மாதக்கணக்கில் முதிர வேண்டும். முதிர்வதற்குக் காத்திருப்பது என்றால் முதலீடு முடங்கிக் கிடப்பது என்று பொருள். அதைத் தாங்கக்கூடியவர்கள் பெருமுதலாளிகளே. அவர்கள் மேலும் மேலும் பெரிய மரத்தொட்டிகளைக் கட்டுவதில் போட்டியிட்டனர். 1814 அக்டோபர் 17 அன்று, டாட்டன்ஹாம் கோர்ட் சாலையை ஒட்டியிருந்த மியூ நிறுவனத்தின் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்றின் இரும்பு வளையம் கழன்றது. சற்று நேரத்தில் தொட்டி உடைந்தது. அதில் 3,500 பீப்பாய்களுக்கு மேற்பட்ட போர்ட்டர் முதிர்ந்துகொண்டிருந்தது. பெருகிய வெள்ளம் ஆலைச் சுவரைத் தகர்த்து, பின்புறத்து ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அனைவரும் பெண்களும் குழந்தைகளும். அவர்களுள் சிலர் இறந்த குழந்தை ஒன்றுக்காகத் துக்கம் காத்திருந்தவர்கள். எவர்மீதும் குற்றமில்லை, இது விபத்து என விசாரணைக் குழு தீர்ப்பளித்தது. கொட்டிப்போன பீருக்குச் செலுத்தியிருந்த கலால் வரியை நாடாளுமன்றத்தின் வழி நிறுவனம் திரும்பப் பெற்றது. வீட்டு அடுப்பில் தொடங்கிய ஒரு தொழில் எத்தகைய உருவம் கொண்டுவிட்டது என்பதை அறிய இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

அந்நாளைய ஆங்கில ஆலைகள் மரத்தின் சுவை பீரில் இறங்குவதை விரும்பவில்லை என்பதும் கவனத்திற்குரியது. சுவை இறங்காத பால்டிக் பகுதி ஓக் மரத்தையே அவை நாடின. அமெரிக்க ஓக் சுவையைக் கெடுக்கும் எனக் கருதின. மரத்தில் தங்கிய நுண்ணுயிர்கள் தந்த முதிர்ச்சிதான் அவற்றுக்கு வேண்டியிருந்தது. அந்நுண்ணுயிர்களுள் ஒன்றை 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் இனங்கண்டு ‘பிரெட்டனோமைசிஸ்’ எனப் பெயரிட்டார். ‘பிரித்தானியப் பூஞ்சை’ என்பது அதன் பொருள். இன்றைய வீட்டுக் காய்ச்சுவோர் தேடி அலைவது அன்று குறையெனத் தள்ளப்பட்ட அதே அமெரிக்க ஓக்கை. அஞ்சுவது அன்று வரவேற்கப்பட்ட அதே நுண்ணுயிரை.

அமெரிக்காவில் வீட்டு பீரின் கதை ஒரு சொல்லின் இன்மையில் தங்கியிருந்தது. 1919ஆம் ஆண்டின் வோல்ஸ்டெட் சட்டம் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியபோது, வீட்டில் பயன்படுத்தப் பழச்சாறும் ஆப்பிள் சாறும் செய்துகொள்வதற்கு விலக்களித்தது, பீருக்கு அளிக்கவில்லை. 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது. குடும்பத்தலைவர் வீட்டில் திராட்சை மது செய்யலாம். பீர் செய்தால் உரிமமற்ற ஆலை நடத்திய குற்றம். எழுத்தர் ஒருவர் ‘பீர்’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்யத் தவறினார் என்ற கதை இன்றும் வழங்குகிறது. ஆனால் பழத்துக்கும் தானியத்துக்கும் இடையிலான கோடு 1919இலேயே போடப்பட்டுவிட்டது என்பதை மூலச் சட்டத்தைப் படிப்பவர் உணர்வர். கைப்பிழை என்று சொல்லிவிட்டால், அக்கோட்டை ஏன் போட்டார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

சட்டம் இருந்தபோதும் பழக்கம் அழியவில்லை. 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ‘மால்டோஸ் ஃபால்கன்ஸ்’ என்ற சங்கம் தோன்றியது. செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்த திருத்தத்தை உள்ளடக்கிய மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வயதுவந்தவர் ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம்; விற்கக்கூடாது. அதே 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பபாசியனும் சார்லி மாட்சனும் அமெரிக்க வீட்டுக் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினர். மாநிலங்கள் தனித்தனியே இணங்க வேண்டியிருந்தது. இறுதியாக இசைந்த மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை காத்திருந்தன.

பீர் இவ்வாறு வீட்டுக்குத் திரும்பியது. பீப்பாய் திரும்பி வந்த வழி வேறு. பர்பன் என்ற பெயர் பெற வேண்டுமாயின், உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புதிய ஓக் கலனில் விஸ்கி வைக்கப்பட வேண்டும் என்பது 1930களில் வகுக்கப்பட்ட கூட்டாட்சி விதி. ஆகவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் பர்பனுக்கு மீண்டும் உதவாது. கென்டக்கியிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான காலிப் பீப்பாய்கள் வெளியேறுகின்றன. பெரும்பங்கு ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகளுக்குச் செல்கிறது. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் கிரெக் ஹால், ஜிம் பீம் பீப்பாய்களில் கடும் ஸ்டவுட்டை முதிர வைத்தார். மரத்தில் ஊறிக் கிடந்த விஸ்கியும், ஓக் தரும் வனிலா, தேங்காய் மணங்களும், கருகிய மரத்தின் புகைச்சுவையும் வறுத்த மால்ட்டின் கசப்போடு பொருந்தி நின்றன. அதன்பின் சிற்றாலைகளும், அவற்றைத் தொடர்ந்து வீட்டுக் காய்ச்சுவோரும் இம்முறையைக் கைக்கொண்டனர்.

இங்கேதான் கொள்ளளவு வரலாற்றுக் காரணியாகிறது. பர்பன் பீப்பாயின் கொள்ளளவு 53 கேலன், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர். வீட்டில் ஒருமுறை காய்ச்சும் வழக்கமான அளவு 5 கேலன், ஏறத்தாழ 19 லிட்டர். ஒரு பீப்பாயை நிரப்பப் பத்துக்கு மேற்பட்ட காய்ச்சல்கள் தேவை. ஒருவரே முயன்றால், தனியாளுக்குச் சட்டம் அனுமதிக்கும் ஆண்டு அளவில் பாதிக்கு மேல் அந்த ஒரு பீப்பாயே விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய தடை காலம். காலியான பீப்பாய் உலர்ந்தால் பலகைகள் சுருங்கி ஒழுகும்; அரைகுறையாக நிரப்பினால் உள்ளே நிற்கும் காற்று பீரைக் கெடுக்கும். எனவே எல்லாருடைய பீரும் ஒரே வாரத்தில் நொதித்து முடிந்து ஆயத்தமாக இருக்க வேண்டும். சிறிய பீப்பாய் வாங்கலாமே எனில், அதில் கொள்ளளவோடு ஒப்பிட மரத்தின் பரப்பு மிகுதி. பீர் முதிரும் முன்பே மரச்சுவை மேலோங்கிவிடும். ஆகப் பெரிய பீப்பாய் வேண்டும். அதற்குப் பல வீடுகள் வேண்டும்.

பல வீடுகள் சேரும்போது நம்பிக்கை ஒரு சிக்கலாகிறது. ஒருவர் பாத்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் அவரது 19 லிட்டர் மட்டும் கெடுவதில்லை. 200 லிட்டரும் கெடும். ஊற்றிய பின் யாருடைய பங்கு எது எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே இக்குழுக்கள் தமக்கென விதிகளை வகுத்துக்கொள்கின்றன. செய்முறையும் ஈஸ்ட்டும் முன்கூட்டியே முடிவு செய்யப்படும். ஊற்றும் நாளில் ஒவ்வொருவர் பீரின் அடர்த்தியும் அளக்கப்படும்; அனைவரும் சுவைத்துப் பார்ப்பர். குறையுடையது தள்ளப்படும், அந்த இடத்தை நிரப்ப யாரேனும் கூடுதலாகக் காய்ச்சி வைத்திருப்பர். நண்பர் முகத்துக்கெதிரே அவர் ஒரு மாதம் உழைத்ததை மறுப்பது எளிதன்று. பொதுவளங்களைக் குறித்து எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில், பயன்படுத்துவோர் தாமே வகுத்துத் தாமே கண்காணிக்கும் விதிகளால் பொதுவளம் நிலைக்கக்கூடும் எனக் காட்டினார். மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் கொண்டு எழுதப்பட்ட அவ்வாதம் ஒரு மரப்பீப்பாய்க்கும் பொருந்துவது வியப்பன்று. அங்கும் இங்கும் உள்ள கேள்வி, பிறர் கவனத்தைச் சார்ந்து நிற்பவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவது என்பதே.

எனினும் இதை இழந்தது முழுமையாக மீண்ட கதையாகப் படிப்பது பிழையாகும். வீட்டுக் காய்ச்சுவோருக்குக் கிடைக்கும் பீப்பாய், பேராலைத் தொழிலின் கழிவு. அரசு விதி மாறினால் அவ்வரத்து நின்றுபோகும். இம்முறைக்கு வழிகாட்டிய கூஸ் ஐலண்ட், 2011இல் 3.88 கோடி டாலருக்கு ஆன்ஹைசர் புஷ் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. எல்லாவற்றினும் முக்கியமாக, அமெரிக்க வீட்டுக் காய்ச்சுவோருள் மிகப் பெரும்பான்மையினர் ஆண்கள். வீட்டைவிட்டு வெளியேறிய தொழில் மீண்டும் வீட்டுக்கு வந்தபோது, பிழைப்புக்காக அதைச் செய்த புரூஸ்டரிடம் வரவில்லை. ஓய்வும் இடமும் கையில் சற்றுப் பணமும் உள்ளவரிடம் வந்தது. வேலையாக இருந்தபோது பெண்களிடமிருந்து பறிபோனது, பொழுதுபோக்கான பின் ஆண்களிடம் திரும்பியிருக்கிறது. வீட்டுற்பத்தியின் மறுமலர்ச்சி பற்றிப் பேசும் ஆய்வுகள் இவ்விடைவெளியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதிர்ந்த பீரைப் பங்கிடும் நாளில் ஒருவருக்கும் முழு 19 லிட்டர் கிடைப்பதில்லை. ஒரு பகுதியை மரம் உறிஞ்சியிருக்கும். ஒரு பகுதி ஆவியாகியிருக்கும். அடியில் வண்டல் நிற்கும். எஞ்சியது எல்லாருக்கும் சமமாக அளந்து ஊற்றப்படுகிறது. இரண்டாம் முறை நிரப்பும்போது விஸ்கியின் மணம் குன்றியிருக்கும். அதன்பின் பல குழுக்கள் அதே பீப்பாயில் பிரெட்டனோமைசிஸை வேண்டுமென்றே விட்டுப் புளிப்பு பீர் செய்யத் தொடங்குகின்றன. லண்டன் ஆலைகளின் மரத்தொட்டிகளில் பெயரறியாமல் வாழ்ந்த உயிர், ஓரிரண்டு ஆண்டுகளில் யாரோ ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் மீண்டும் குடியேறுகிறது.