முதல் இராக் கூத்து

தொலைக்காட்சியில் மாயமும் மந்திரமும் நிறைந்த நெடுந்தொடர் ஒன்று புதிய பருவத்தைத் தொடங்கும் இரவில் ரசிகர்கள் கொள்ளும் பரபரப்பையும், மறுநாள் காலையில் வேஷப் பொருத்தத்தைப் பற்றியும் கதைப்போக்கைப் பற்றியும் அவர்கள் நடத்துகிற வாதப்பிரதிவாதங்களையும் நமது காலத்தின் புதுமை என்று கருதுகிறவர்கள், கள்ளக்குறிச்சிச் சீமையில் பங்குனி முதல் ஆடி வரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தின் முதல் இரவை ஒரு தடவையேனும் கண்டிருக்கமாட்டார்கள். அந்த ரசிகர்களுக்கு முன்னோர்கள் இங்கே இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள்.

பாரதம் கேட்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகிலுள்ள அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைச் சொல்லுகிறது. பின்னாளில் பாரதத்தைப் பத்துப் பருவங்களில், 4,300க்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில்; அவரை ஆதரித்தவன் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். அந்தத் திருமுனைப்பாடி நாட்டின் ஒரு பகுதிதான் 2019 நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. மேற்கே கல்வராயன் மலையில் கரியராமரை வழிபட்டு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு மலையேறிய சகோதரர்கள் என்ற வரலாற்றைக் கதையாகவே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சமவெளியானாலும் மலையானாலும் சரித்திரத்தைக் கதையில் பொதிந்து வைத்துக் காத்த சீமை இது.

கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பகலில் கோயில் முன்பு பாரதப் பிரசங்கியார் வில்லியின் விருத்தங்களை இராகத்தோடு பாடிப் பொருள் விரித்துக்கொண்டு வருவார். பல நாள் பிரசங்கம் நடந்த பிறகே இரவுக் கூத்து ஆரம்பமாகும். பல ஊர்களில் முதல் கூத்து வில் வளைப்பு, அதாவது திரௌபதி கல்யாணம். அறுவடை முடிந்த வயலிலோ கோயில் முன்வெளியிலோ களரி அமைத்து, மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்க, கட்டியக்காரன் வந்து சபையைச் சிரிக்க வைத்து நிறுத்திய பின்னர், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை ஒலி எழும்பும்போது, அதுவரை பாயில் சாய்ந்திருந்த கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். முகம் இன்னும் தெரியவில்லை. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது. குரல் மட்டும் வருகிறது. அந்தக் குரலின் கட்டுமானத்தைக் கொண்டே, இந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, பதினெட்டாம் போர் வரைக்கும் தாங்குமா என்று அவர்கள் அப்போதே தீர்மானித்துவிடுவார்கள். திரை விலகி, கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிய புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் விளக்கொளியில் மின்ன, வேஷக்காரர் கிறுகிறுவென்று சுழன்று தாம் இன்னார் என்று கட்டியக்காரனுக்கு அறிவிக்கும் வேளையில் எழும் ஆரவாரம் வெறும் வேடிக்கை பார்ப்பவர்களின் ஆரவாரமன்று. பகலெல்லாம் வில்லியைக் காதால் கேட்டவர்கள் இரவில் கண்ணால் சரிபார்த்துச் சொல்லும் தீர்ப்பு. அடியொன்றை விட்டுப் பாடினால் கூட்டத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மனம் நிறைந்தவர்கள் ரூபாய் நோட்டைக் கொடுத்துத் தம் பெயரைக் களரியில் சொல்லச் செய்வதும் உண்டு.

கதையின் முடிவு அங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்து என்ன நேரும் என்ற ஆவல் அவர்களைப் பிடித்து நிறுத்துவதில்லை. தெரிந்த துன்பம் மறுபடியும் தம் ஊரில் தம் எதிரில் நடக்கப்போகிறது என்ற உணர்ச்சியே விடியும்வரை விழிக்கச் செய்கிறது. ஆகையினால்தான் பகடைத் துகில் இரவில் துச்சாதனன் வேஷம் தரித்தவர் சேலையைத் தொடுவதற்கு முன்பு அம்மனுக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். அர்ச்சுனன் தபசின்போது மரத்தின் உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்துகிறார்கள். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்திலோ பார்ப்பவருக்கும் பாத்திரத்துக்கும் இருந்த எல்லையே மறைந்துபோயிற்று. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் களப்பலி முடிந்ததும் அழுகளத்தில் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்துக் கதறுகிறார்கள். கதைக்கு மனித இதயம் கொடுக்கக்கூடிய மறுமொழிகளில் இதைவிடப் பெரிதொன்றை நான் அறியேன்.

1988 அக்டோபர் 2ஆம் தேதி பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் தூர்தர்சனில் தொடங்கி, 94 பாகங்களாக 1990 ஜூன் 24 வரையில் ஒளிபரப்பாயிற்று. அதன் மொழி இந்தி. ஆயினும் கூத்துக் களரியிலே வளர்ந்த கண்களுக்கு அது ஒரு தடையாக இருந்திருக்க முடியாது. சகுனி பாய்ச்சிகையை உருட்டும்போது அவன் என்ன சொல்லுவான் என்பதை அவர்கள் சிறு வயதிலேயே கேட்டவர்கள். 2013இல் தமிழ்க்குரலோடு மற்றொரு மகாபாரதத் தொடர் வீடுகளுக்குள் வந்தபோது, புதிய கிருஷ்ணனையும் பழைய கிருஷ்ணனையும் ஒப்பிட்டு வீட்டுக்கு வீடு எழுந்த விவாதம், களரியில் இரண்டு ஜமாக்களை ஒப்பிட்ட அதே பழக்கத்தின் தொடர்ச்சி என்பதே என் அபிப்பிராயம். பெட்டிக்குள் ஆடுகிறவருக்கு அந்தத் தீர்ப்பு எட்டுவதில்லை. களரியில் ஆடுகிறவருக்கோ அது உடனே எட்டி, அடுத்த அடவில் பதிலாகத் திரும்பி வந்துவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூத்துக் கலைஞர்களுக்கு வருஷத்தில் சில மாதங்களே பிழைப்பு. அந்த மாதங்களிலும் பத்து இரவுக் கூத்தை மூன்று இரவாகச் சுருக்கி, மிச்சப் பணத்தை ஒளிவிளக்குக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் செலவிடும் ஊர்கள் பெருகிவருகின்றன. திருவிழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: வில் வளைப்பு முதல் படுகளம் வரை கூத்தைக் குறைக்காமல் வையுங்கள், முதல் இரவில் உங்கள் பிள்ளைகளையும் களரியின் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.