அப்பா கொதிக்க வெச்ச செயின்

என் பைக் செயினை நானே கொன்னேன். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பெட்ரோல், கம்பி பிரஷ், ரெண்டு மணி நேரத் தேய்ப்பு. செயின் வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னும். எட்டாவது மாசம் கரகரன்னு சத்தம். மெக்கானிக் அண்ணன் செயினை மடக்கிப் பார்த்தார். பாதிக் கண்ணிங்க மடங்கவே மாட்டேங்குது. "செயின் செட்டே மாத்தணும் தம்பி. யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

அப்பாதான். அவரோட பழைய பைக்ல இதையே பதினஞ்சு வருஷம் செஞ்சார், ஒண்ணும் ஆகலை. அப்புறம் ஏன் எனக்கு மட்டும் இப்படி? தேடப் போனா விஷயம் மான்செஸ்டர் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க :-)

ஹான்ஸ் ரெனால்ட்னு ஒரு சுவிஸ்காரர். 1873ல மான்செஸ்டர் வந்தார். 1879ல பக்கத்துல சால்ஃபோர்ட்ல, பஞ்சாலை மிஷினுக்கு செயின் செஞ்சிட்டிருந்த ஜேம்ஸ் ஸ்லேட்டரோட சின்னத் தொழிலை வாங்கினார். அந்த செயின்ல ஒரு கோளாறு. கண்ணியைக் கோக்குற பின், மெல்லிசான பக்கத் தகட்டோட ஓட்டையில மட்டும்தான் உரசும். மொத்த பாரமும் அந்த விளிம்புல விழுந்து சீக்கிரமே தேஞ்சுடும். 1880ல ரெனால்ட் பின்னைச் சுத்தி ஒரு சின்னக் குழாய் வெச்சார். அதுதான் புஷ். அதுக்கு மேல சுத்துற ரோலர். பாரம் செயினோட அகலம் முழுக்கப் பரவிடுச்சு. இன்னிக்கு நம்ம வண்டியில ஓடுறதும் அடிப்படையில அதே செயின்தான். (அதே ரெனால்ட் கம்பெனிதான் 2008ல நம்ம கோயமுத்தூர் எல்.ஜி.பி.யோட தொழிற்சாலை செயின் பிரிவுல பெரும்பங்கு வாங்கினது.)

ஆனா ஒரு சிக்கலைத் தீர்த்தப்ப இன்னொண்ணு முளைச்சுது. தேய்மானம் நடக்குற இடம் இப்போ பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல, கண்ணுக்குத் தெரியாத ஒரு இடுக்குல. எண்ணெய் போக வேண்டியதும் அங்கதான். "செயின் நீண்டுடுச்சு"ன்னு சொல்றோமே, இரும்பு இழுபட்டு நீளுறதில்லைங்க. நூறு கண்ணியில ஒவ்வொண்ணும் 0.05 மி.மீ. தேஞ்சா மொத்தம் 5 மி.மீ. கூடிடும், அவ்ளோதான். அதுக்கப்புறம் நடந்த செயின் சரித்திரம் மொத்தமும் இந்த இடுக்குக்குள்ள எண்ணெயை எப்படிச் சேர்க்குறதுங்கிற போராட்டம்தான்.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்ல பாதிக்கு மேல தோல் பெல்ட். மழை பெஞ்சா வழுக்கும். 1911ல மேன் தீவு சீனியர் டி.டி. பந்தயத்துல, செயின் வெச்ச அமெரிக்க 'இந்தியன்' வண்டிங்க முதல் மூணு இடத்தையும் அள்ளிட்டுப் போச்சு. செயினோட பலம் ஊருக்கே தெரிஞ்சுது. சேறு அதைத் தின்னுதுங்கிறதும் கூடவே தெரிஞ்சுது. 1912ல வந்த சன்பீம் மோட்டார் சைக்கிள்ல செயினை ஒரு பெட்டிக்குள்ள மூடி, உள்ளேயே எண்ணெய் தேக்கி வெச்சாங்க. அருமையான யோசனை, ஆனா பெட்டிக்கு விலையும் எடையும் அதிகம். மத்தவங்க செயின் வெளியிலயே கிடந்துது.

அவங்க கண்டுபிடிச்ச வழிதான் அடுப்பு! செயினைக் கழட்டி, நல்லா கழுவி, சூடான கிரீஸ்ல முக்கி வைக்கிறது. உருகின கிரீஸ் அந்த இடுக்குக்குள்ள இறங்கும், ஆறினதும் உள்ளேயே உறைஞ்சுடும். இங்கிலாந்துல இதுக்குன்னே கிராஃபைட் கலந்த கிரீஸ் டப்பா வித்தாங்க, அப்படியே அடுப்புல ஏத்திக்கலாம். எங்கப்பா பழைய டால்டா டின்ல பண்ணினார். குமிழ் வர்றது நின்னா கிரீஸ் உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்னு சொல்வார். அம்மா அன்னிக்கு முழுக்க சமையல்கட்டு பக்கமே வரமாட்டாங்க. (தீப்பிடிக்கிற வேலை. யாரும் முயற்சி பண்ணாதீங்க.)

அடுத்து ஜப்பான்காரங்க. 1969 ஹோண்டா சிபி750ல கியர்பாக்ஸ் எண்ணெயே சொட்டு சொட்டா செயின்ல விழும். 1972ல வந்த கவாசாகி இசட்1ல செயினுக்குன்னே தனி பம்ப். எண்ணெய் பின் சக்கரமெல்லாம் தெறிக்கும். 1975 இசட்1பி மாடல்ல அந்தப் பம்பையே தூக்கிட்டாங்க. காரணம், ஓ-ரிங் செயின். ஃபேக்டரியிலயே இடுக்குக்குள்ள கிரீஸ் வெச்சு, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ரப்பர் வளையம் போட்டுப் பூட்டிடறது.

இப்ப புரியுதா நான் பண்ணின காரியம்? அப்பா செயின்ல பூட்டு கிடையாது. பெட்ரோல் ஊத்திக் கழுவினாலும் அடுத்து கிரீஸை உள்ள இறக்கிடுவார். என் செயின்ல பூட்டு ரப்பர். பெட்ரோல் அதைக் கெடுத்துது, கம்பி பிரஷ் பிச்சுது, கிரீஸ் வெளிய, மண் உள்ள. அப்புறம் மேல எவ்ளோ எண்ணெய் ஊத்தினாலும் வீண். அப்பா செஞ்சதுல பாதியை மட்டும் காப்பியடிச்சிருக்கேன். அதுவும் அந்த செயினுக்கான பாதி.

புது செயினுக்கு சீமெண்ணெய் நனைச்ச துணி, மெத்து பிரஷ். இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல கையாலதான் சக்கரம் சுத்துறேன் (இன்ஜின் ஓட ஓட செயினைத் துடைச்சு விரலை இழந்தவங்க உண்டு). நல்லா துடைச்சதும், செயினோட உள்பக்கம் கொஞ்சமா 90 கியர் ஆயில். இது ரோலருக்கும், துருப்பிடிக்காம இருக்கவும், ரப்பர் காயாம இருக்கவும் மட்டும்தான்.

ஊருக்குப் போனப்ப பழைய செயினை அப்பாகிட்ட காட்டினேன். திட்டுவார்னு நினைச்சேன். பிஞ்ச வளையத்தை நகத்தால நெண்டிப் பார்த்தார். "ஓஹோ, கிரீஸை உள்ள வெச்சே பூட்டிட்டானா? நான் அடுப்புகிட்ட நின்னு பண்ணினதை இவன் ஃபேக்டரியிலயே முடிச்சுட்டான்டா"ன்னார். நான் ராத்திரியெல்லாம் தேடித் தேடிப் படிச்சது அவருக்கு அரை நிமிஷம்!

உங்க வீட்லயும் செயின் கொதிச்ச கதை இருந்தா பின்னூட்டத்துல எடுத்து விடுங்க.