துரையின் தீர்மானத்தில் நோயாளி: மலையகத் தோட்ட மருத்துவத்தின் நிதிவழி, 1872 முதல்

மலையகத் தோட்ட மருத்துவத்தை ஆராய்பவர் எவரும், ராக்ஃபெல்லர் அறக்கொடை பற்றிச் சோம ஹேவா 1995இல் வெளியிட்ட நூலைத் தவிர்த்துச் செல்ல முடியாது. 1916இல் மாத்தளைப் பக்கம் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் நிலைக்காமல் போனதற்கு அவர் காட்டும் காரணம், தோட்டத்துரைமாரின் இலாப நோக்கு. புழு மருந்தை வரவேற்றவர்கள் லயங்களுக்குக் கக்கூஸ் கட்டப் பணம் தரத் தயங்கினார்கள். மருந்து குடித்த தொழிலாளி வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயை வாங்கிக்கொண்டார். விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலாப நோக்கு எக்காலத்துக்கும் பொதுவானது. எதற்குச் செலவழிப்பது, எதைக் கைவிடுவது என்று அதற்கு வழி வகுத்துக் கொடுத்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்ட நிதி ஏற்பாடு. ஹேவாவின் வாசிப்பில் இதற்குரிய இடம் கிடைக்கவில்லை.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக்கி, பயிர் நிலத்தின் ஏக்கர் கணக்கில் வரி விதித்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைச் சாய்த்தபோதும் ஏக்கர் குறையவில்லை, வரியும் குறையவில்லை. 1880களின் தொடக்கத்தில் அவ்வரி ஏற்றுமதித் தீர்வையாக மாறியதில் துரைமாருக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். விளைச்சல் விழுந்து லயத்தில் பசியும் நோயும் ஏறும் காலத்தில்தான் இத்தீர்வையின் வரவு சுருங்கும். கப்பலேறும் எடை, நோயாளிகளை எண்ணுவதில்லை. இந்த மாற்றமே அலட்சியத்தை உண்டாக்கியது என்பது ஊகம்தான். ஆயினும் துரைமாரின் மனப்பாங்கை மட்டும் கொண்டு விளக்குவதைவிட இது வலுவான ஊகம்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் துரையின் கடமைகளைச் சொல்லும் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் 48 மணி நேரத்துக்குள் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தர வேண்டும். நோயுற்றவருக்கு உடனடியாக என்ன செய்வது என்பதோ, துரை தக்கதெனக் கருதுவதற்கு விடப்பட்டது. கடுமையான நோய்க்கு வைத்தியரை அழைக்க வேண்டும் என்றது சட்டம். கடுமையா இல்லையா என்று முதலில் பார்ப்பவரும் துரைதான். சாவைத் தெரிவிக்கக் கெடு உண்டு, நோயாளியை மலையிலிருந்து இறக்கக் கெடு இல்லை. பெரிய தோட்டங்கள் சொந்தமாக மருந்தகமும் ஆஸ்பத்திரியும் வைத்திருந்தனவே என்று கேட்கலாம். வைத்திருந்தன. அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டதே என் வாதத்துக்குச் சான்று. மலையில் மருந்தைவிட வழியே பெருஞ்செலவு. உச்சி லயத்துக்கும் ஹற்றன் வீதிக்கும் இடைப்பட்ட பாதை தோட்டத்துடையது; லொறியும் தோட்டத்துடையது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்திய உதவியாளரை நியமிப்பது இன்றும் தோட்ட நிர்வாகமே. 2017 மே மாதம் இந்திய உதவியில் 150 கட்டில்களோடு டிக்கோயா வைத்தியசாலை திறக்கப்பட்டது பெரும் பேறு. ஆனால் பிரசவ வலி கண்டவளைக் கொழுந்து லொறியில் ஏற்றி இறக்கும் நிலை வைத்தியசாலை கட்டுவதால் மட்டும் தீராது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்பது பற்றிய பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. பொறுப்பேற்கும்போது கட்டடத்தோடு பாதையையும் வண்டிச் செலவையும் சுகாதார அமைச்சு எழுத்தில் ஏற்க வேண்டும்.