கேட்டுக்கு இப்பால்: தென்கரையின் இருப்புப்பாதைகளும் சில மாதிரிக் காட்சிகளும்

தூத்துக்குடியில் இடம் சொல்லும்போது முதல் கேட், இரண்டாம் கேட் என்று ரயில்வே கேட்டைக் குறிப்பிடுவது வழக்கம். தெருவின் பெயர் அறியாதவருக்கும் கேட் தெரியும். கடலை நோக்கிச் செல்லும் பாதை ஊரின் சாலைகளைக் குறுக்கே வெட்டிச் செல்வதால், மூடிய கேட்டின் முன் வண்டியை அணைத்துவிட்டு நிற்பது எங்களுக்கு நாள்தோறும் விதிக்கப்பட்டது. பொறுமை இழப்பவர் பலர். ஆனால் ரயிலை முழுதாகக் காண அதைவிட நல்ல இடம் வேறில்லை. உள்ளே அமர்ந்து பயணம் செய்பவர் காண்பது சன்னலுக்கு எதிரே ஓடும் கம்பங்களையும் உடைமரங்களையும் மட்டுமே. என்ஜின், பெட்டிகள், பாலம், கைகாட்டி, கேட்காரரின் கொடி எல்லாம் ஒன்றுசேர்ந்த காட்சி சாலையில் நிற்பவருக்கே வாய்க்கிறது.

மில்லர்புரத்திலிருந்து பாளையங்கோட்டைச் சாலையில் மேற்கே போகலாம். கிழக்கே துறைமுகத்துக்குப் போகலாம். தெற்கே திருச்செந்தூருக்கோ, வடகிழக்கே கடலோரமாக இராமநாதபுரத்துக்கோ போகலாம். நான்கு திசையிலும் எங்காவது ஓர் இருப்புப்பாதை, அல்லது இருப்புப்பாதை இருந்த இடம், எதிர்ப்படும். கடந்த சில ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் போகும்போதெல்லாம் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது: கண்ணில் பட்ட ரயில்வே காட்சியை ஒரு மேசையின் மேல் சிறிதாக்கி வைப்பதென்றால் எப்படி வைப்பது என்று யோசிப்பது. இதற்கு மேல்நாட்டில் டயோரமா என்று பெயர். 1822இல் பாரிஸில் டாகேர் பெரிய ஓவியத் திரைகளின் மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிக் காட்டிய அரங்குக்கு இட்ட பெயர் அது. பிறகு சிறிய மாதிரிக் காட்சிகளுக்கு வந்து சேர்ந்தது. நமக்கு இது புதிதன்று. கொலுப்படிக்கு அருகே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் குளம் செய்து, பொம்மை ரயிலை நிறுத்தி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு டாகேரின் துணை வேண்டியதில்லை.

வரலாறு எழுதுபவருக்கு இல்லாத ஒரு நெருக்கடி மாதிரி செய்பவருக்கு உண்டு. கட்டுரையில் 'அக்காலத்தில்' என்று தொடங்கிவிட்டு நழுவிவிடலாம். மேசையின் மேல் அது நடக்காது. எந்த ஆண்டு, எந்த மாதம், காலையா மாலையா, அன்று நடைமேடையில் யார் நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்று தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானமே ஒரு வரலாற்று மதிப்பீடு.

எளிய காட்சியிலிருந்து தொடங்குகிறேன். துறைமுகத்துக்குப் பிரியும் பாதையை ஒட்டிய உப்பளங்கள். நிலக்கரிச் சரக்கு வண்டி ஒன்று கறுப்பாக ஊர்ந்து போக, பக்கத்தில் தட்டுமேட்டின் மேல் வெள்ளை வெளேரென்ற உப்பு அம்பாரங்கள். இதைச் செய்ய முயல்பவர் முதலில் செய்யும் காரியம், சமையலறை உப்பையே குவித்து வைப்பது. எங்கள் ஊர்க் காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. கசிந்து ஓடித் தண்டவாளத்தைத் துருவேற்றிவிடும். பளிங்குப் பொடி நல்லது. பாத்திகளின் நீர் நீலமாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. உவர்ப்பு ஏற ஏற அது பழுப்பும் இளஞ்சிவப்புமாக நிறம் மாறும். மாதத்தையும் முடிவு செய்ய வேண்டும்: கோடையென்றால் அம்பாரங்கள் திறந்து கிடக்கும்; வடகிழக்குப் பருவமழைக்கு முன்னென்றால் மூடப்பட்டிருக்கும். பழைய காலமென்றால் ஓலை, இன்றென்றால் தார்ப்பாய். ஒரு வெள்ளைக் குவியலின் மேல் எதைப் போர்த்துகிறோம் என்பதிலேயே காலம் தெரிந்துவிடுகிறது.

அளவு பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உலகெங்கும் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு 1:87. அதற்குரிய தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது ஐரோப்பாவின் 1435 மி.மீ பாதையைச் சுருக்கியது. நம் அகலப்பாதையோ 1676 மி.மீ, அதே கணக்கில் 19 மி.மீக்குச் சற்று மேல் வர வேண்டும். ஆகவே இந்திய அகலப்பாதை ரயிலைக் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நிறுத்தினால், பருத்த உடலும் ஒடுங்கிய காலுமாக நிற்கும். பழைய மீட்டர் பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. கணக்குப்படி அதற்கு வேண்டியது 11.5 மி.மீ, சுவிட்சர்லாந்தின் மலைப்பாதை ரயில்களுக்கென்று விற்கும் 12 மி.மீ தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடும். இன்றைய தூத்துக்குடி ரயில் நிலையத்தை விட, 1990களின் அகலப்பாதை மாற்றத்துக்கு முற்பட்ட நிலையத்தை அளவு பிசகாமல் செய்வது எளிது என்பது விசித்திரமான உண்மை.

அந்த மீட்டர் பாதையில் காட்சிக்கு உரிய இடம் மணியாச்சி. தூத்துக்குடியிலிருந்து மீளவிட்டான், தட்டப்பாறை, கைலாசபுரம் தாண்டி வரும் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் கூடும் சந்திப்பு. கரிசல் வெளியின் நடுவே, பெரிய ஊர் எதுவும் அருகில் இல்லாமல், ரயிலுக்காகவே உண்டான நிலையம். 1876இல் மதுரை–தூத்துக்குடிப் பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 1875 டிசம்பரில், கொழும்பிலிருந்து கப்பலில் வந்த வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) தூத்துக்குடியில் இறங்கிப் புதுப் பாதையில் மதுரைக்குப் போனார். வழியில் மணியாச்சியில் திருநெல்வேலிக் கிறித்தவர்கள் பெருந்திரளாகக் கூடி அவரை வரவேற்றார்கள். அவர்களை அழைத்து வந்தவர்களில் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் உண்டு. இருவரும் அப்போது பிஷப் ஆகியிருக்கவில்லை, அது 1877இல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் ஒரு ரயில் நிலையத்தில், டிசம்பர் வெயிலில், கூட்டத்தின் முன் நிற்கிறார். தமிழ் படித்தவர்கள் யாரும் இந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. கால்டுவெல் நமக்கு நூலின் முகப்பில் இருப்பவர். நடைமேடையில் நிற்பவர் அல்லர்.

36 ஆண்டுகள் கழித்து அதே நிலையம். 1911 ஜூன் 17, முற்பகல் பத்தரை மணியை ஒட்டிய நேரம். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் ஆட்சியர் ஆஷும் அவர் மனைவியும் அமர்ந்திருக்கிறார்கள். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பயணம். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருப்பு. வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறிச் சுடுகிறார். நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொள்கிறார். 1980களின் பிற்பகுதியில் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் மாறியது.

மாதிரிக் காட்சி என்றதும் எல்லோரும் இந்த இரண்டாவது நாளைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு மனிதப் பொம்மையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இன்னொரு பொம்மையைச் சாய்த்து வைத்தால், வீரமும் துயரமும் ஒருசேரப் பொம்மை விளையாட்டாகிவிடும். நான் செய்வதாக இருந்தால் அதே நாளின் பத்து நிமிடம் முந்தைய மணியாச்சியைச் செய்வேன். பெட்டிக் கதவு மூடியிருக்கும். கைகாட்டி இன்னும் இறங்கியிருக்காது. சுமை கூலிக்காரர்கள் மூட்டைமேல் அமர்ந்திருப்பார்கள். பார்ப்பவருக்குத் தேதியை மட்டும் ஒரு சிறு பலகையில் எழுதி வைத்தால் போதும்.

இங்கே 'போட் மெயில்' என்ற சொல் முக்கியமானது. அந்த நாளில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் பயணியின் ரயில் வழி தூத்துக்குடியில்தான் முடிந்தது. கரையோரக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரைக்குச் சில மைல் தொலைவில் நங்கூரமிட, சிறு படகுகளில் ஆளும் சரக்கும் போய்ச் சேர வேண்டும். 1906இல் தொடங்கிய வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு மோதியது இந்தத் தூத்துக்குடி–கொழும்புப் போக்குவரத்துக்காகத்தான். கப்பல்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்தக் கப்பலுக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்த்த ரயிலைப் பற்றி மிகக் குறைவு. 'காலியா' கப்பலுக்குப் போகும் பயணிகள், மூட்டைகளோடு ரயிலிலிருந்து இறங்கிப் படகுத் துறைக்கு நடக்கும் 1907ஆம் ஆண்டுக் காலை ஒன்று, யாராவது செய்து எங்கள் ஊரில் வைக்கத்தக்க மாதிரி. அதற்கு வேண்டிய மனித உருவங்கள் கடையில் கிடைக்கா. ஜெர்மனியிலிருந்து வரும் பொம்மைகள் தொப்பியும் மேலங்கியும் போட்டவை. வேட்டி கட்டவும் முண்டாசு வைக்கவும் நாமேதான் மெழுகுக் களிமண்ணில் முயல வேண்டும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. தூத்துக்குடி இலங்கைப் பயணத்தின் வாசல் என்ற நிலையை இழந்தது.

ஏறக்குறைய அதே பத்தாண்டில்தான் இந்தக் கரையில் இன்னொரு ரயில் பிறந்தது. இதுதான் என் மனத்துக்கு மிக நெருங்கியது. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிச் சாலையில் போகிறவர்கள் குலசேகரப்பட்டினத்தைத் தசராவுக்காக அறிவார்கள். கொஞ்சம் வரலாறு தெரிந்தவர்கள் 1942 செப்டம்பரில் உப்பு அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கைச் சொல்வார்கள். இளைஞர்கள் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தைச் சொல்வார்கள். திசையன்விளையிலிருந்து குலசேகரப்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை இரண்டடி அகலமே கொண்ட குட்டி ரயில் ஒன்று ஓடியதைச் சொல்பவர் அரிது. பாரி கம்பெனியார் குலசையில் பனங்கருப்பட்டியிலிருந்து வெள்ளைச் சீனி எடுக்கும் ஆலை வைத்திருந்தார்கள். அதற்காகப் போட்ட பாதை, பயணிகளும் ஏறினார்கள். 1940இல் மூடப்பட்டது.

கரும்புக்காக ரயில் போட்ட ஊர்கள் உலகில் ஏராளம்; ஜாவாவிலும் கியூபாவிலும் அவை பேர்போனவை. பனைக்காக ஒரு ரயில்! மரத்துக்கு மரம் ஏறி இறங்கும் ஒருவர், கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை விடிலியில் அவருடைய மனைவி காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி, ஓலைச் சிப்பத்தில் கட்டப்பட்டு நீராவி என்ஜினின் பின்னால் போயிருக்கிறது. இரண்டு தொழில்நுட்பங்களுக்கும் இடையே நூற்றாண்டுகளின் தூரம். இரண்டும் சந்தித்த இடம் அந்தத் தேரி மணலில் போட்ட தண்டவாளம்.

மாதிரி செய்பவருக்கு இது வரம். இரண்டடி அகலம் 1:76 என்ற பிரிட்டிஷ் அளவில் 8 மி.மீ ஆகிறது. எளிதில் கிடைக்கும் 9 மி.மீ தண்டவாளத்தைப் போட்டால் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண் மன்னித்துவிடும். குட்டி ரயில் கூர்மையாக வளையும் என்பதால் ஒரு சாப்பாட்டு மேசையே போதும். தரைக்கு வண்ணம் தேடவும் வேண்டாம். தேரிக்காட்டில் ஒரு கைப்பிடிச் செம்மண்ணை எடுத்து மெல்லிய துணியில் சலித்தால் போயிற்று. பனைக்குத் தென்னந்துடைப்பக் குச்சி. விடிலிக்கு உண்மையான ஓலைத் துணுக்கு. மாதம் சித்திரையாக இருக்கட்டும். பதநீர் நன்றாகச் சுரக்கும் காலம். 1940இல் பாதை மூடப்பட்டபோது சிப்பத்தைத் தலையிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். மாதிரியைத் திசையன்விளையில் ஒரு பள்ளியில் வைத்தால், பிழைகளைத் திருத்த அவர்கள் வருவார்கள் என்று நம்புகிறேன்.

பாம்பனை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அதைச் செய்யாத மாதிரிக் கலைஞர் இல்லை. 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் நின்று ரயில் பாலத்தைப் பார்ப்பது தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ரயில் காட்சி என்பதில் ஐயமில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலத்தை 1:87இல் முழுதாகச் செய்ய ஏறக்குறைய 24 மீட்டர் நீள அறை வேண்டும். ஆகவே எல்லோரும் நடுவிலுள்ள தூக்குப் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய பாலத்தில் இரு கைகளும் மேலெழுந்து பிரியும். ஆட்கள் சுழற்றித் திறப்பார்கள். அதில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக உயர்கிறது. மாதிரியில் அது 83 சென்டிமீட்டர். புதியது செய்ய எளிது, பழையது பார்க்க அழகு.

தனுஷ்கோடியில்தான் மணியாச்சியின் கேள்வி திரும்ப வருகிறது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைப் புயலலை அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை ரயிலை விழுங்கும் காட்சியைப் பிசினில் வார்த்துச் செய்யலாம். எனக்கு அதைப் பார்க்கும் துணிவில்லை. இன்று சாலையிலிருந்து தெரியும் நிலையச் சுவர்களையும் தண்ணீர்த் தொட்டியையும் அவை இருக்கிறபடியே செய்வது மேல்.

கடைசியாக, இன்னும் யாரும் செய்யாத ஒன்று. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், பெருமழையில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள். அதற்கப்பால் செய்துங்கநல்லூர் பக்கம் வெள்ளம் சரளைக்கல்லையும் மண்ணையும் அரித்துச் சென்றுவிட, தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. அந்தப் புகைப்படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதிரி செய்பவர் கை அதற்குத்தான் போகும். பயணிகள் மீட்கப்படும் வரை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டில் வெள்ளம் நின்ற நிலையிலும், சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனவே தொங்கும் தண்டவாளத்தை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, நடுவில் நடைமேடையைச் செய்ய வேண்டும்: நின்றுபோன பெட்டிகள், முழங்காலளவு செந்நீரில் தலையில் அண்டாவோடு வருபவர்கள், வாளியும் கரண்டியும். 1:87இல் ஒரு கரண்டி ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வராது. மெல்லிய செப்புக் கம்பியின் நுனியைத் தட்டையாக்கினால் செய்துவிடலாம்.