கம்பிக்கு எந்த ஊர்?

ஸ்ரீரங்கத்துல இருந்து சமயபுரம் போறவங்க கொள்ளிடத்தைத் தாண்டித்தான் போகணும். அங்கே 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஞாபகம் இருக்கா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே, அதேதான். அது எழும்பிய வருஷங்களில்தான் இறக்குமதி இரும்பை வைத்து டெல்லியில் பெரிய சண்டை.

ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை 1912-லேயே எஃகு தயாரிக்கத் தொடங்கிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியம் கம்பி மலிவு விலையில் வந்து குவிந்தது. டாடா தடுமாற, 1924-ல் பாதுகாப்பு வரி போட்டார்கள். சரி, நியாயம்தான்.

1927 கதை வேற. பிரிட்டிஷ் எஃகுக்கு ஒரு வரி. மற்ற நாட்டு எஃகுக்கு அதுக்கு மேல கூடுதல் வரி! டாரிஃப் போர்டு சொன்ன காரணம், தரம். பாலத்துக்கும் ரயில்வேக்கும் தரமான பிரிட்டிஷ் எஃகு வேணுமாம். அப்போ மலிவான பெல்ஜியம் கம்பியை வாங்கினது யாரு? சின்னச் சின்ன மேஸ்திரிகள், பட்டறைக் கொல்லர்கள். கூடுதல் வரி அவங்க தலையில. மத்திய சட்டசபையில் சுயராஜ்யக் கட்சிக்காரர்கள் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது.

இன்னைக்கு வீடு கட்டப் போடுற டி.எம்.டி. கம்பி பெரும்பாலும் உள்நாட்டுச் சரக்கு. 2025 ஏப்ரலில் இறக்குமதி எஃகுக்குப் போட்ட 12% தற்காலிக வரிகூட தகடு வகைகளுக்குத்தான், கம்பிக்கு இல்லை.